வாரத்துக்கு ஏழு கடிதம்

சனிக்கிழமை நாலரை மணிக்கு யூனிஸ் அம்மாள் தபாலாபீஸ் ஜன்னலுக்கு வருவார். கறுப்புக் குடையை மடக்கி வலது முழங்கையில் தொங்கவிட்டிருப்பார். அந்தக் கை சேலை முந்தானைக்குள் இருக்கும். மழையானாலும் வெயிலானாலும் குடையை அவர் எங்கேயும் சாத்தி வைத்து நான் பார்த்ததில்லை. அவர் பேருக்கு வந்த கடிதக் கட்டை நான் ஜன்னல் வழியாக நீட்டுவேன். இடது கையால் வாங்கிப் பலகைமேல் வைத்துக் கட்டைக் கவிழ்ப்பார். அடியில் கிடந்த பழைய கடிதம் மேலே வந்துவிடும். பிறகு கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணுவார். அனுப்பியவர் யார், எந்த ஊர் முத்திரை என்று பார்க்கமாட்டார். ஏழு வந்ததும் விரல் நின்றுவிடும். ஏழையும் துணிப்பைக்குள் போட்டுக்கொண்டு, மீதியைத் திரும்பக் கவிழ்த்து, ஓரம் தட்டி ஒழுங்குபடுத்தி, உள்ளே தள்ளுவார்.

“இது அடுத்த வாரத்துக்குத் தம்பி.”

மீதி சில வாரம் இருபது இருக்கும், சில வாரம் ஐம்பது. அதை ஒருமுறை பார்ப்பார். பெருமூச்சு விடமாட்டார். குடையை முழங்கையில் சற்று மேலே ஏற்றிக்கொண்டு படியிறங்கிப் போய்விடுவார்.

பாளையங்கோட்டையில் இருந்த சின்னத் தபாலாபீஸ் ஒன்றில் 1912ஆம் வருஷம் எனக்குக் குமாஸ்தா வேலை. யாரிடமும் அதிகம் பேசாதவனுக்கு அது நல்ல வேலை. கம்பிக்கு அந்தப்புறம் ஊரே வந்து நிற்கும். இந்தப்புறம் இருப்பவனை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. அப்போது பத்திரிகைகளில் புதுமாதிரிப் பாட்டுகள் வரத் தொடங்கியிருந்தன. அகராதி வேண்டாத சொற்கள், பேசுகிற மூச்சில் ஓடும் அடிகள். அவற்றைப் படித்துப் படித்துப் பழகிய பிறகுதான் யூனிஸ் அம்மாளின் சின்னப் புத்தகத்தின் அருமை எனக்குத் தெரிந்தது.

அவர் மிஷன் பெண்கள் பள்ளி ஒன்றில் உபாத்தியாயினி. வயது நாற்பது இருக்கும். 1910இல் முப்பத்திரண்டு பக்கத்தில் ஒரு தாலாட்டுப் புத்தகத்தைத் தாமே அச்சுக்குக் கொடுத்து, தாமே தைத்து, தாமே விற்றார். பன்னிரண்டு பாட்டு. ஒவ்வொன்றிலும் பிள்ளையின் பேர் வரவேண்டிய இடத்தில் வெறும் கோடு போட்டிருக்கும். வாங்குகிறவள் தன் பிள்ளையின் பேரை அங்கே வைத்துப் பாடவேண்டியது.

*ஆற்றங்கரை நாணலெல்லாம் அசைந்தசைந்து தூங்கையிலே
என் ———, நீ மட்டும் ஏன் விழித்தாய்?*

இப்படி. வேதக்காரர் வீடு, சைவர் வீடு என்று பாராமல் புத்தகம் போயிற்று. யார் வீட்டுப் பேரும் அந்தக் கோட்டில் உட்காரலாமே. கொழும்புக்கும் பினாங்குக்கும் போன நம் ஜில்லாக்காரர்கள் அங்கிருந்து பார்சல் கேட்டு எழுதினார்கள்.

கஷ்டம் கடைசிப் பக்கத்தில் இருந்தது. அங்கே அம்மாள் நல்ல மனதோடு இரண்டு வரி அச்சிட்டிருந்தார்: “பிள்ளையின் பேர் பாட்டில் பொருந்தாவிட்டால் ஆசிரியைக்கு எழுதவும். பேருக்கு ஏற்றபடி பாட்டை மாற்றி மறுதபாலில் அனுப்பப்படும்.”

நம் பக்கத்துப் பேர்கள் எப்படிப்பட்டவை என்று அந்த இரண்டு வரியை எழுதும்போது அவர் நினைக்கவில்லை. கோடு இருந்த இடம் ‘ராசா’வுக்கும் ‘பொன்னு’வுக்கும் சரி. பாக்கியசீலன் அதில் இடித்துக்கொண்டான். காசிலிங்கத்துக்குத் தலை உள்ளே போனால் கால் வெளியே நின்றது. வைத்தியலிங்கம் என்று பேர் வைத்த வீட்டில், பாடி முடிப்பதற்குள் பிள்ளை எழுந்து உட்கார்ந்துகொள்வதாக ஒரு தகப்பனார் எழுதியிருந்தார். கடிதங்கள் வந்தபடி இருந்தன. அம்மாள் ஒன்றுக்கும் ஜவாபு எழுதாமல் விட்டதில்லை. பேர் உட்கார வேண்டுமானால் ஓரடியை மாற்றினால் போதாது; அடுத்த அடியின் எதுகையும் கூடவே மாறவேண்டும். ஒரு பேருக்கு ஒரு பாட்டு என்றே ஆகிவிட்டது. நாளுக்குப் பதினைந்து கார்டு, இருபது கார்டு நான் முத்திரை குத்தியிருக்கிறேன். எல்லாம் முத்து முத்தான கையெழுத்து.

இந்த விவரமெல்லாம் அவர் சொன்னதல்ல. அவர் கணவர் அப்பாத்துரை சொன்னது. அவர் கோர்ட்டில் எழுத்தர். வாய் ஓயாத மனிதர். கார்டு வாங்க வந்தால் கால்மணி நேரம் ஜன்னலைவிட்டு நகரமாட்டார்.

“கேளும்வே சிவசண்முகம். நேத்து எங்க வீட்ல எம்மவளைச் சாப்பிடக் கூப்பிடுதா. பேரு வரமாட்டேங்குது. ‘ஏ வைத்தியலிங்கம், ஏ காசிலிங்கம்’னு யார் யார் பேரையோ சொல்லிக் கூப்பிடுதா. பிள்ளை சிரிக்கி. எனக்குச் சிரிப்பு வரல.”

அப்போதும் அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அவளுக்கு ஒரு கதைப் புஸ்தகம் கிடக்கு வே. பாட்டில்ல, வசனம். கடற்கரையிலயிருந்து லேஸ் பின்னப் படிக்கவந்த ஒரு பிள்ளையோட கதை. இருபது அத்தியாயம்னு சொல்லுதா. பதினொண்ணுல நிக்கி. ரெண்டு வருஷமா நிக்கி.”

அந்தக் கதைக்கு ஒரு கெடு இருந்தது. சித்திரையில் பள்ளிக்கூடப் புத்தக வேலை தொடங்கிவிட்டால் அச்சுக்கூடத்தார் வேறெதையும் தொடமாட்டார்கள். மார்ச் பதினைந்துக்குள் முழுக் கையெழுத்துப் பிரதி போனால் உண்டு. 1911இல் தவறிற்று, 1912இல் தவறிற்று. மூன்றாவது தடவையும் தவறினால் இனி அந்தப் பேச்சை எடுக்கவேண்டாம் என்று அச்சுக்கூட மானேஜர் சொல்லிவிட்டாராம். எழுதி முடிக்கவேண்டியது ஒன்பது அத்தியாயம். குறுக்கே கிடந்தது ஊர் ஊராக வந்த பிள்ளைப் பேர்கள்.

1912 டிசம்பரில் ஒருநாள் யூனிஸ் அம்மாள் எங்கள் போஸ்டுமாஸ்டருக்கு ஒரு விண்ணப்பம் கொண்டுவந்தார். தம் பேருக்கு வரும் கடிதங்களைத் தபால்காரர் வீட்டில் கொடுக்கவேண்டாம். ஆபீஸிலேயே வைத்திருந்தால் சனிக்கிழமை தாமே வந்து வாங்கிக்கொள்வதாக எழுதியிருந்தது. அது அப்பாத்துரையின் கோர்ட்டு எழுத்து. போஸ்டுமாஸ்டர் பாபநாசம் பிள்ளை விதிப்புத்தகத்தைப் புரட்டினார். கூடாது என்று எங்கேயும் காணோம்; ஒத்துக்கொண்டார். முதல் சனிக்கிழமை அம்மாள் ஏழை எண்ணி எடுத்து மீதியை உள்ளே தள்ளியபோதுதான் போஸ்டுமாஸ்டருக்கு விஷயம் புரிந்தது.

“இது தபாலாபீஸா, இல்ல அம்மா வீட்டு அஞ்சறைப்பெட்டியா?”

“அலமாரில இடம் இல்லைன்னா சொல்லுங்க ஐயா. ஒரு சின்னப் பெட்டி கொண்டாந்து வைக்கேன்.”

“அதுக்கில்லம்மா. எழுதினவங்க காத்துக் கெடப்பாங்களே?”

“காத்திருப்பாங்க.”

அவ்வளவுதான் பதில். கோபமாகவும் சொல்லவில்லை, கெஞ்சலாகவும் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோல் சொன்னார். அவர் போனதும் பிள்ளை என் பக்கம் திரும்பினார்.

“பாத்தியா வே? பீச்சாங்கையால வாங்குதா, பீச்சாங்கையால தள்ளுதா. பிள்ளைகளுக்குப் படிச்சுக் கொடுக்கிற வாத்திச்சி! குடையைக் கீழ வெச்சா கொறைஞ்சா போவா? பொஸ்தகம் போட்டதும் தலைக்கு ஏறிட்டு.”

அம்மாள் போகும் வேதக்கோயிலிலும் அதே பேச்சு என்று கேள்விப்பட்டேன். ஊழியத்துக்கு ஆகாத பெருமை என்றார்கள். ஏழு என்ற கணக்குக்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். நாளைக்கு ஒன்று, ஆக வாரத்துக்கு ஏழு என்றார் தபால்காரர். வேதத்தில் ஏழு விசேஷமான எண் என்றார் ஒருவர். பாபநாசம் பிள்ளைக்கு வேறு கணக்கு. “வாரது சனிக்கிழமை, எடுக்கிறது ஏழு. இன்னும் ஒரு அரை எடுத்துட்டா நமக்குச் சரியாப் போச்சு!”

பெரிய பண்ணை ஒன்றிலிருந்து கணக்கப்பிள்ளை நேரில் வந்தார். பண்ணையார் பேரனுக்குப் பேர்சூட்டு விழாவாம், பாட்டு உடனே வேண்டுமாம். சனிக்கிழமை பார்த்து வந்து ஜன்னலருகே அம்மாளைப் பிடித்துக்கொண்டார்.

“ஐயா கடுதாசி போன வாரமே போட்டாச்சே தாயி.”

“வந்திருக்கும் அண்ணாச்சி. வரிசையில இருக்கும். நாலு வாரம் ஆகும்.”

“நாலு வாரமா? விசேஷம் வார வெள்ளிக்கிழமைல்லா!”

“அப்போ இந்த விசேஷத்துக்கு ஆகாது. பிள்ளை நல்லா இருக்கட்டும்.”

கணக்கப்பிள்ளை துண்டை இறக்கி முகத்தைத் துடைத்தார். இல்லை என்ற சொல்லை அதுவரை அந்தப் பண்ணை கேட்டதில்லை போலிருக்கிறது. சண்டைக்கு இழுக்கவும் அந்தப் பதிலில் ஒரு பிடி இல்லை. உடம்பு சரியில்லை என்றோ, பள்ளியில் வேலை அதிகம் என்றோ அம்மாள் சொல்லியிருந்தால், அதற்கு ஒரு மாற்றுச் சொல்லி மடக்கியிருப்பார். காரணமே சொல்லாதவரை எதைக்கொண்டு மடக்குவது? நான் பார்த்தவரை மனிதர்கள் மறுக்கும்போது நாலு காரணம் சேர்த்துச் சொல்வார்கள், அதில் இரண்டு பொய்யாக இருக்கும். இவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அது பெரிய காரியமாகப் பட்டது, இன்றும் அப்படித்தான்.

அவருக்கு வலிக்கவில்லை என்று நினைக்கவேண்டாம். மாரித்தாய் வந்த சனிக்கிழமை அதைப் பார்த்தேன்.

அது பிப்ரவரி கடைசி. கெடுவுக்கு இரண்டு வாரம்தான் மீதி. பதினாறாவது அத்தியாயம் ஓடுகிறது என்று அப்பாத்துரை முந்தினநாள்தான் சொல்லியிருந்தார். அம்மாள் ஏழை எடுத்து மீதியைத் தள்ளிக்கொண்டிருந்த நேரம், இடுப்பில் ஒரு பிள்ளையோடு ஒரு பெண் படியேறி வந்தாள். தலையிலும் ரவிக்கையிலும் பஞ்சுத் துணுக்கு ஒட்டியிருந்தது. விக்கிரமசிங்கபுரத்தில் நூல் ஆலையில் வேலை செய்கிறவள். அம்பாசமுத்திரத்தில் ரயிலேறி வந்து, பாலம் தாண்டி நடந்திருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் விசாரித்தவளை அங்கிருந்து இங்கே அனுப்பியிருக்கிறார்கள்.

“பாட்டுக்கார வாத்திச்சியம்மா நீங்கதானா?”

“நான்தான். உக்காரு தாயி. தண்ணி குடிக்கியா?”

“தண்ணியெல்லாம் வாய்க்கால்ல குடிச்சாச்சு. ரெண்டு கடுதாசி எழுதி வாங்கிப் போட்டேன். ஒரு ஜவாபு இல்ல. எம்பிள்ளைக்குப் பேரு சங்கிலிபூதத்தான். நேந்து பெத்த பிள்ளை, சாமி பேருதான் வைக்கணும். பக்கத்து வீட்ல உங்க பொஸ்தகத்தை வாசிச்சுப் பாடுதாங்க, அவ பிள்ளைக்குப் பொருந்துது. எம்பிள்ளைக்குப் பொருந்தல. கடைசிப் பக்கத்துல எழுதிப் போடுங்கன்னு போட்டிருக்கியளாமே?”

“போட்டிருக்கேன். உன் கடிதம் இந்தக் கட்டுக்குள்ளதான் இருக்கும். முறை வரும்போது எழுதுவேன். இந்த வாரத்து ஏழு எடுத்தாச்சு.”

“ஏழு எடுத்தாச்சா?” மாரித்தாயின் குரல் ஏறிற்று. “அப்போ எம்பிள்ளை எட்டாவதா? ஏழு பிள்ளைக்குத்தான் உறக்கம் வரும், எட்டாவது பிள்ளை முழிச்சே கெடக்கணுமோ? ஒரு நாள் கூலியை விட்டுட்டு வந்திருக்கேன். ஒரு வரிம்மா! ஒரு வரி எழுத எம்புட்டு நேரம் ஆயிரும்?”

ஜன்னலைச் சுற்றி நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். பாபநாசம் பிள்ளை மேசையிலிருந்து எழுந்து பார்த்தார். அவர் முகத்தில் ஒரு சின்னத் திருப்தி தெரிந்தது. நான் பேனாவை மையில் தொட்டு, ஜன்னல் வழியாக அம்மாளிடம் நீட்டினேன். ஒரு வரிதானே என்று எனக்கும் தோன்றிவிட்டது. அம்மாள் பேனாவைப் பார்த்தார். அப்போது அவர் முகம் மாறிற்று; அதுவரை அவரை அப்படி நான் பார்த்ததில்லை. கண் நிறைந்துவிட்டது. பேனாவை வாங்கவில்லை.

“இன்னிக்கு எழுதமாட்டேன் தாயி” என்றார். “இந்த ஒண்ணு எழுதினா அடுத்தது எழுதணும். அப்புறம் எனக்குன்னு ஒண்ணும் எழுதமுடியாது. ஆனா நீ வந்த கால் சும்மா போகவேண்டாம். இங்கன வா.”

தபாலாபீஸ் படியில் உட்கார்ந்து, மாரித்தாயையும் பக்கத்தில் உட்காரவைத்தார்.

“வீட்ல இவனை என்ன சொல்லிக் கூப்பிடுவ?”

“சங்கிலிபூதத்தான்னு...”

“அடுப்புல சோறு பொங்கி வழியுது. இவன் நெருப்புகிட்ட தவழ்ந்து போறான். அப்போ என்ன சொல்லிக் கூப்பிடுவ?”

மாரித்தாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அப்போ அம்புட்டு நீளமாவா கூப்பிடமுடியும்? ‘ஏலே பூதா’ம்பேன்.”

பேரைக் கேட்டதும் மடியிலிருந்த பிள்ளை திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான்.

“அதான் அவன் பேரு. பாடு.”

“நானா? எனக்குப் பாடத் தெரியாதும்மா. நீங்க எழுதித் தாங்க.”

“ஆலையில அம்புட்டுச் சத்தத்துல கத்திப் பேசுத. இங்க நாலு பேரைப் பாத்துக் கூச்சமா? பைய பாடு.”

அம்மாள் முதலடியைச் சொல்லிக்கொடுத்தார். மாரித்தாய் சேலையால் வாயைப் பாதி மூடிக்கொண்டு பாடினாள்.

*ஆத்தங்கர நாணலெல்லாம் அசஞ்சசஞ்சு தூங்கையில
என் பூதா, நீ மட்டும் ஏன் முழிச்ச?*

கோட்டில் பூதா சரியாக உட்கார்ந்தான். இரண்டாம் தடவை அவள் வாயை மூடிக்கொள்ளவில்லை. மூன்றாம் தடவை அடுத்த அடியைத் தானே மாற்றிக்கொண்டாள். புத்தகத்தில் கொக்கு இருந்த இடத்தில் ஆலைச் சங்கு வந்துவிட்டது. “சங்கு ஊத நேரமிருக்கு, சத்த நேரம் கண்ணசரு” என்று பாடினாள். யூனிஸ் அம்மாள் அந்த அடியை உதட்டுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார்.

“என்னுதைவிட இது நல்லா இருக்கு” என்றார்.

மாரித்தாய் எழுந்தாள். “அப்போ எழுதிக் கொடுக்கவேண்டாம்?”

“வேணுமா?”

“என்னத்துக்கு? எனக்குத்தான் வாசிக்கத் தெரியாதே!” என்று சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று படியிறங்கிப் போனாள்.

பாபநாசம் பிள்ளை தம் மேசைக்குப் போய் உட்கார்ந்தார். என் பேனாவில் மை காய்ந்துவிட்டது.

அடுத்த சனிக்கிழமை அம்மாள் ஏழை எடுத்தபிறகு, அலமாரியில் இருந்த மீதியையும் கேட்டு வாங்கினார். எனக்குப் பயமாகிவிட்டது, பழையபடி ஆரம்பித்துவிட்டாரோ என்று நினைத்தேன். அப்படியில்லை. நாலைந்து நாள் கழித்து அப்பாத்துரை ஒரு பெரிய கட்டுக் கார்டு கொண்டுவந்தார். எல்லாம் ஒரே வாசகம், அச்சடித்தது: “பிள்ளைக்குத் தெரிந்த பேர் நீங்கள் வீட்டில் கூப்பிடும் பேர்தான். அதை வைத்துப் பாடிப் பாருங்கள். பொருந்தாத இடத்தில் பாட்டை நீங்களே மாற்றிக்கொள்ளலாம். ஆசிரியைக்கு அதில் சந்தோஷமே.” தாலாட்டுப் புத்தகத்தின் மறுபதிப்பில் கடைசிப் பக்கத்து இரண்டு வரி போய், அந்த இடத்தில் இந்த வாசகம் வந்தது.

கடிதம் நிற்கவில்லை, குறைந்தது. வந்தவற்றிலும் ஒரு மாற்றம். முன்பெல்லாம் பேரை எழுதிப் பாட்டுக் கேட்பார்கள். இப்போது தாங்கள் கட்டிய அடியை எழுதி அனுப்பினார்கள். அதற்கு ஜவாபு யாரும் கேட்கவில்லை. ஆனாலும் அம்மாள் சனிக்கிழமைதான் வந்தார், ஏழுதான் எடுத்தார், மீதியை உள்ளே தள்ளினார். கட்டு சிறுத்துப்போய் எட்டே கடிதம் இருந்த வாரத்திலும் எட்டாவது உள்ளே வந்தது. “ஒண்ணுதானே அம்மா, எடுத்துக்கிடுங்க” என்றேன். அவரிடம் நானாகப் பேசிய முதல் வார்த்தை அது என்று நினைக்கிறேன். “ஒண்ணுலதான் தம்பி எல்லாம் ஆரம்பிக்கும்” என்று சொல்லிச் சிரித்தார்.

மார்ச் பதினாலாம் தேதி இருபது அத்தியாயமும் அச்சுக்கூடத்துக்குப் போயிற்று. ஆனியில் புத்தகம் வந்தது. அதைப் பற்றி இங்கே எழுதினால் இது மதிப்புரையாகிவிடும். கடைசி அத்தியாயத்தில் அந்தப் பெண் ஒரு கல்யாண வீட்டுக்கு லேஸ் பின்னிக் கொடுக்க மறுத்துவிட்டு, வாசலில் நின்று கடலைப் பார்க்கும் இடத்தை நான் எத்தனையோ தடவை படித்திருக்கிறேன் என்பதை மட்டும் சொல்கிறேன். பெரிய பெரிய பாட்டுகளில் கிடைக்காத ஒரு நிதானம் அந்த வசனத்தில் இருக்கிறது.

1914இல் எனக்கு அம்பாசமுத்திரத்துக்கு மாற்றலாயிற்று. இரண்டு வருஷம் கழித்து அப்பாத்துரை ஏதோ கோர்ட்டு வேலையாக அங்கே வந்தவர், என்னைப் பார்த்ததும் ஜன்னலில் சாய்ந்துகொண்டார். பழைய பேச்சு வந்தது. பாபநாசம் பிள்ளையின் ஏழரைக் கணக்கைச் சொன்னேன்; வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு, “உமக்குத் தெரியாதா வே? அவ யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னுட்டா” என்று ஆரம்பித்தார்.

1912 நவம்பரிலேயே அம்மாளுக்கு வலது கை விட்டுப்போயிருந்தது. எழுதி எழுதி விரல்கள் மடங்கிப்போய், ஒரு கரண்டியைக்கூடப் பிடிக்க முடியவில்லை. எழுதுவதை அடியோடு விட்டால் ஒருவேளை திரும்பும் என்று டாக்டர் சொன்னாராம், திரும்பவில்லை. பள்ளியில் பெரிய பிள்ளைகளைவிட்டுப் பலகையில் எழுதவைத்துச் சமாளித்தார். சேலைக்குள் இருந்தது அந்தக் கைதான். குடையைக் கீழே வைத்தால் கை தெரிந்துவிடும்.

நான் முத்திரை குத்திய அந்த ஏழு ஏழு கார்டுகளும், அச்சுக்கூடத்துக்குப் போன ஒன்பது அத்தியாயமும் இடது கையால் எழுதியவை. கார்டுகளில் எழுத்து கோணியிருந்ததை அவசரம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். வாரத்தில் ஒரு சாயங்காலம் கார்டுக்கு, மற்றவை கதைக்கு என்று வைத்துக்கொண்டாராம். டிசம்பர் முதல் வாரத்தில் ஒருநாள் சாயங்காலம், இடது கையால் எத்தனை கார்டு எழுதமுடியும் என்று உட்கார்ந்து பார்த்திருக்கிறார். எட்டாவது கார்டில் எழுத்து வாசிக்கும்படி இல்லை.